யாரும் கை வைக்கவில்லை

ஜூன் 3, செவ்வாய்

இந்த ஊர்ப் பெண்கள் சிறையில் இன்று பணியேற்றேன். வார்டர் வேலையில் எனக்கு இது மூன்றாவது ஊர். வீட்டில் மூட்டைகளைப் பாதிதான் பிரித்திருக்கிறோம். குக்கர் எதில் கிடக்கிறது என்று தெரியவில்லை. பாலை மட்டும் காய்ச்சிக் குடித்துவிட்டு ஓடினேன். வீட்டுக்காரருக்கும் மகள் நிவேதாவுக்கும் கடை இட்லி.

ஜெயிலர் ஹேமலதா மேடம் நல்ல மாதிரியாகத் தெரிகிறார். "உட்காருங்க தங்கபுஷ்பம்" என்று நாற்காலியைக் காட்டினார். இதுவரை எந்த ஜெயிலரும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"பின்கட்டுல தனி செல்லுல ஒருத்தி இருக்கா. முப்பிடாதின்னு பேரு. கஞ்சா கடத்துன கேஸ், பத்து வருஷம். மத்தவங்களைத் தூண்டிவிடுறான்னு தனியா வச்சிருக்கோம். பகல் டியூட்டி உங்களுக்கு அங்கதான். நேரத்துக்கு சாப்பாடு, குளிக்கத் தண்ணி, காலையில கொஞ்ச நேரம் நடை, எதுலயும் குறை வைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான். அவகிட்ட யாரும் பேசக் கூடாது. நீங்களும்தான்."

"ஏதாவது கேட்டா மேடம்?"

"கேட்கட்டும்."

அவ்வளவுதான். போன ஊரில் நூற்றுச்சொச்சம் பேரை இரண்டு பேர் மேய்த்தோம். இங்கே ஒரே ஒருத்தி. அதுவும் பேச வேண்டாம். கொடுத்துவைத்தவள் என்று வீட்டில் அவர் சிரித்தார். "வாய மூடிக்கிட்டு இருக்கதுக்கு ஒனக்குச் சம்பளமா? நம்ம வீட்டுக்கும் அப்பிடி ஒரு உத்தரவு போடச் சொல்லேன்."

ஜூன் 5, வியாழன்

முப்பிடாதிக்கு நாற்பது வயது இருக்கலாம். கறுப்பு, ஒல்லி, முன்பல் ஒன்று இல்லை. நான் போனதும் எழுந்து கம்பிக்கு வந்துவிட்டாள்.

"புதுசா வந்திருக்கீயளாம்மா? எந்தூரு? பேரு என்ன? பழைய அம்மாவும் நல்லவுகதான், வாயத்தான் தொறக்க மாட்டாவ. நீங்களும் அப்பிடித்தானா?"

நான் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அவள் சிரித்தாள். "சரி சரி. உத்தரவுன்னா உத்தரவு. நான் பேசுதேன், நீங்க கேளுங்க."

இரண்டு மணிக்கு நான் கிளம்பும்வரை பேசினாள். பீடி சுற்றியது, கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டது, மகன் கேரளாவில் பெயின்ட் அடிக்கப் போனது. ரேடியோ மாதிரி. எனக்குப் பொழுது நன்றாகவே போயிற்று.

வரும் வழியில் குடத்துக்கு மூடி வாங்கினேன். இங்கே தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

ஜூன் 9, திங்கள்

சிலிண்டர் வந்தது. மாவு புளித்துவிட்டது. டியூட்டியில் விசேஷம் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

எஸ்தர் அக்காதான் இங்கே தலைமை வார்டர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். இன்று சமையற்கட்டுப் பக்கம் என்னை நிறுத்தி, முப்பிடாதி கதையைச் சொன்னார்.

கௌசல்யா என்று ஒரு சின்னப் பெண் விசாரணைக் கைதியாக வந்திருக்கிறாள், ஐந்து மாதக் கர்ப்பம். ஒருநாள் இரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப போலீஸ் எஸ்கார்ட் வரவில்லை, வண்டி வரவில்லை என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் கொண்டுபோனபோது பிள்ளை இல்லை. அடுத்த வாரம் நீதிபதி பார்வையிட வந்தபோது எல்லோரும் வரிசையில் கையைக் கட்டி நின்றிருக்கிறார்கள். முப்பிடாதி மட்டும், "ஐயா, இங்க ஒரு பிள்ளையக் கொன்னுட்டாவ" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

"அதுக்கா தனியா வச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"காயிதத்துல அப்பிடி இல்லட்டி. 'பாதுகாப்பு கருதி'ன்னு இருக்கு." அக்கா என் காலரைச் சரிசெய்துவிட்டார். "நமக்கென்ன. அடிக்கச் சொன்னாவளா? பட்டினி போடச் சொன்னாவளா? சும்மா இருக்கச் சொல்லிருக்காவ. இரு."

நியாயம்தான். போன ஊரில் ஒரு ஜெயிலர் முட்டிபோட வைப்பார். அதற்கு முந்தைய ஊரில் நடந்ததை எழுதவே வேண்டாம். அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

பயிற்சிப் பள்ளியில் கைதிகள் உரிமை என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். "சித்திரவதைன்னா என்ன? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் வகுப்பெடுத்தவர். ஒருத்தி எழுந்து, "நம்ம ஹாஸ்டல் உப்புமா சார்" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார். அடி, பட்டினி, கரன்ட் என்று வரிசையாகச் சொன்னோம். எல்லாம் உடம்பில் படுவதுதான். பேசாமல் இருப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உப்புமாவுக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்திருப்போம்.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் வந்தார். முப்பிடாதியின் பிரஷர் பார்த்தார், எடை பார்த்தார். எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், அவள் ஆரம்பித்துவிட்டாள். தூக்கம், கனவு, கனவில் வந்த ஆடு, ஆடு வளர்த்த சித்தி, சித்தி செத்த வருடம் பெய்த மழை. மூச்சு விடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டு எழுந்தார்.

"உடம்புல ஒண்ணுமில்ல. காயம், கீயம் எதுவும் இல்ல. கொஞ்சம் அதிகமாப் பேசுறாங்க, அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார்.

பத்துப் பதினைந்து நாளாகத்தான் நான் பார்க்கிறேன். அதற்கு முன்பே எத்தனை நாள் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

தலைவலி. அவர் கடையில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார், செல்போன் ரிப்பேர் கடையில் தினமும் ஒரு வேடிக்கை இருக்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "நீ கேக்கியா, இல்ல நான் செவத்துட்டப் பேசுதேனா?" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் சொல்லத் தோன்றவில்லை.

நிவேதா சயின்ஸில் மார்க் குறைவு. டியூஷன் விசாரிக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

முப்பிடாதி எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். சரசு. அவளே என்னிடம் கேட்கிறாள், அவளே எனக்காகப் பதிலும் சொல்கிறாள். பதில் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொள்கிறாள்.

"சரசு, இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?"

"என்னத்த, சுண்டவத்தல்தான். ஒனக்கு என்ன போட்டாவ?"

"பருப்புத் தண்ணிதான்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ முப்பிடாதி. நாளைக்கு ஒனக்கு வத்தக்கொழம்பு கொண்டாறேன். யாருட்டயும் சொல்லிராத."

"வேண்டாம்மா, ஒங்க வேலைக்குப் பங்கம் வந்துரும்."

"வந்தா வரட்டும்ங்கேன். ஒரு மனுசிக்கு ஒரு வாய் கொழம்பு குடுக்கதுக்கா வேலையப் பறிப்பாவ?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சரசுவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். புருஷன் இல்லை. யாருக்கும் பயப்படமாட்டாள். என்னைவிட எவ்வளவோ நல்லவள்.

ஜூன் 26, வியாழன்

இன்று சரசுவுக்குக் காய்ச்சல். முப்பிடாதி கம்பி வழியாகக் கையை நீட்டி, "கிட்ட வாங்க, நெத்தியத் தொட்டுப் பாக்கேன்" என்றாள். நான் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 30, திங்கள்

முப்பிடாதியின் பேச்சு நின்றுவிட்டது. காலைத் தட்டு அப்படியே இருந்தது. மதியத் தட்டும்.

ஜூலை 2, புதன்

ஜெயிலர் மேடத்தைப் பார்த்தேன். நானாகத்தான் போனேன். மூன்று நாளாக முப்பிடாதி தண்ணீர் மட்டும் குடிக்கிறாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், நடைக்குக் கூப்பிட்டுத் திறந்தால் வெளியே வருவதில்லை என்று சொன்னேன். கூப்பிட்டு என்றால் பூட்டைத் தட்டி. வாயால் அல்ல.

மேடம் கோபப்படவில்லை. அவருடைய மேசையில் மகள் பரிசு வாங்கும் படம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பேசினார்.

"தங்கபுஷ்பம், நான் சர்வீசுக்கு வந்த புதுசுல என்னென்ன பாத்திருக்கேன் தெரியுமா? ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். ஜெயிலரா வந்தா என் ஜெயில்ல ஒரு கைதி மேலயும் கை வைக்க விடமாட்டேன்னு நினைச்சேன். வச்சிருக்கேனா? நீங்களே சொல்லுங்க."

"இல்ல மேடம்."

"பின்ன? தனியா இருக்கிறது கஷ்டம்தான். இது ஜெயில், கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டம் வேற, சித்திரவதை வேற. எல்லாத்தையும் சித்திரவதைன்னு சொன்னா நாம கதவைத் திறந்து விட்டுட்டு வீட்டுக்குத்தான் போகணும்."

"அந்தக் கோடு எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டேன். எதிர்த்துக் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்தால் நிம்மதியாக இருக்குமே என்றுதான் கேட்டேன்.

அவர் படத்தை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். "நாம கை வைக்கிற இடத்துல" என்றார்.

வெளியே வந்தபோது அது சரியாகத்தான் பட்டது. செல்லுக்குப் போகும் வழியிலேயே சரியில்லாமல் போய்விட்டது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலைக் கஞ்சியை வைத்தேன். அவள் திரும்பவில்லை. கையை மடியில் வைத்திருந்தாள். விரல்கள் பீடி சுற்றுவதுபோல அசைந்துகொண்டே இருந்தன. இலை இல்லை, தூள் இல்லை, நூல் இல்லை.

யோசித்துச் சொல்லவில்லை. வீட்டில் நிவேதாவிடம் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது.

"சாப்பிடு."

அவள் விரல் நின்றது. திரும்பி என் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தாள். பிறகு தவழ்ந்தே கம்பிக்கு வந்தாள்.

"இப்பப் பேசுனது நானா, நீங்களா?"

நான் கஞ்சியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எம்மா, இன்னொருக்கா சொல்லுங்கம்மா. நானாத்தான் சொல்லிக்கிட்டேனான்னு தெரியலம்மா. ஒரே ஒருக்கா."

"சாப்பிடு முப்பிடாதி."

அப்படி ஓர் அழுகையை நான் இழவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. பெண்டாட்டியை அடிக்கிற சத்தம், பிள்ளை பெறுகிற சத்தம், லத்தி விழுகிற சத்தம், எல்லாம் கேட்டிருக்கிறேன். அது வேறு. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கஞ்சியைக் குடித்தாள். பாதி கீழே சிந்தியது.

ஒரு வார்த்தைக்கு.

ஜூலை 5, சனி

விடுப்பு. துணி துவைத்தேன். பரணை ஒழித்தேன். அவர் மீன் வாங்கி வந்தார், சாளை. கழுவும்போது முள் குத்திவிட்டது. பரவாயில்லை.

"அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லாமல் இருக்கும்போதே எப்படித் தெரிகிறதோ. "ஒண்ணுமில்ல" என்றேன். அவர் அம்மியை எடுத்து வைத்து, நான் கேட்காமலே மசாலா அரைக்க உட்கார்ந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

எஸ்தர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தட்டு காலியாக வருகிறதே.

"பேசுனியா?"

"ரெண்டு வார்த்தை."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார். "நான் வெளிய பெருக்கும்போது ஜெபப் பாட்டு பாடுவேன். அவளுக்குக் கேக்கட்டும்னுதான். அதுவும் பேச்சுல சேத்தியான்னு எனக்குத் தெரியல. கேட்டா நிறுத்தச் சொல்லிருவாவன்னு கேக்கல." பிறகு மெதுவாக, "வெள்ளிக்கெழம ஜட்ஜம்மா வாராவ. புதுசு. நீ வாயத் தொறந்துராத. ஒனக்குப் பொட்டப்பிள்ள இருக்கு" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

புது நீதிபதி என்னைவிடச் சின்னவர். கண்ணாடி போட்டிருந்தார், செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தார். எல்லா பிளாக்கும் முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வரும்போது பசியில் முகம் வாடியிருந்தது. ஜெயிலர் மேடம் கூட வந்தார். செல்லைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன்.

முப்பிடாதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில்தான் தலைசீவிப் புதுச் சேலை கட்டவைத்திருந்தோம்.

"இங்க உங்களை யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

இல்லை என்று தலையாட்டினாள்.

"சாப்பாடு தர்றாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"வேற ஏதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லுங்க."

முப்பிடாதி நீதிபதியைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிடம், ரகசியம்போலக் கேட்டாள்:

"சரசு, இந்தம்மா நெசமா வந்திருக்காவளா?"

ஜெயிலர் மேடம்தான், "இப்படித்தான் மேடம், நடிப்பு" என்றார். முப்பிடாதி காத்திருந்தாள். அவளாகத் தடித்த குரலில் பதில் சொல்லிக்கொள்ளவில்லை. பதில் வரும் என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில் பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி.

"ஆமா முப்பிடாதி" என்றேன். "நெசமாத்தான் வந்திருக்காவ. சொல்லு."

நீதிபதி என்னைப் பார்த்தார். "சரசு யாரு?"

"நான்தான் மேடம்."

"உங்க பேட்ஜ்ல தங்கபுஷ்பம்னு இருக்கு."

"அவளுக்கு என் பேர் தெரியாது மேடம். யாரும் அவகிட்டப் பேசக் கூடாதுன்னு உத்தரவு. நான் சொல்லல. அவளா ஒரு பேரு வச்சுக்கிட்டா." ஜெயிலர் மேடம் பக்கம் திரும்பாமலே சொன்னேன். "யாரும் கை வைக்கல மேடம். அது உண்மை. சாப்பாடும் குடுத்தோம். பேசல. அவ்வளவுதான் செஞ்சோம்."

ஜெயிலர் மேடம், "மேடம், விதிப்படி தனியா வைக்க அதிகாரம் இருக்கு, ஆர்டர் காட்டுறேன்" என்றார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். தரையில் முப்பிடாதிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே என்னைக் கேட்டார். "இது தப்புன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ஒருநாள் 'சாப்பிடு'ன்னு சொன்னேன் மேடம். அதுக்கு அவ அழுத அழுகையில."

"அதுக்கு முன்னாடி?"

நான் வெளியே கிடந்த என் ஸ்டூலைப் பார்த்தேன்.

நீதிபதி பேனாவைத் திறந்தார், மூடினார். "காயம்னு எழுத முடியாது. பட்டினின்னு எழுத முடியாது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு பேனாவைப் பையில் போட்டுவிட்டு, முப்பிடாதியிடம், "என் பேரு யாழினி. நெசமாத்தான் வந்திருக்கேன். உங்க ஊரு எது?" என்றார்.

அவள் கடையநல்லூர் என்று சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நீதிபதி எழுந்திருக்கவில்லை.

ஜூலை 12, சனி

முப்பிடாதியைப் பொது பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குக் கேட் டியூட்டி. ஜெயிலர் மேடம் என்னைப் பார்த்தால் நின்று வழிவிட்டுப் போகிறார். பேசுவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழம்பு ஆறிப்போனது. "முதல்நாள் நான் சிரிச்சேன்லா" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

மாறுதல் உத்தரவு. வடக்கே, போய்ச் சேர ஒரு பகல் ஆகும் ஊர். நிர்வாக நலன் கருதி என்று போட்டிருக்கிறது. நிவேதாவை நடுவருடத்தில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அவர் கடையைப் பார்த்துக்கொண்டு நிவேதாவோடு இங்கேயே இருக்கட்டும், நான் மட்டும் போவது என்று முடிவு. ஜெயிலர் மேடம் மேல் விசாரணை இருக்கும் என்கிறார்கள். இருக்காது என்றும் சொல்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. நாற்காலி கொடுத்தவர். சின்ன வயதில் அழுதவர். கோடு போட்டுக்கொண்டு அதற்கு இந்தப் பக்கமே நின்றதாக உண்மையிலேயே நம்பினார். நானும் அவர் பக்கத்தில்தானே நின்றிருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

கடைசி நாள். கையெழுத்துப் போட்டு, சாவியை ஒப்படைத்துவிட்டுப் பொது பிளாக்குக்குப் போனேன். எஸ்தர் அக்கா கூடவே வந்தார், தடுக்கவில்லை.

முற்றத்தில் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி நடுவில் இருந்தாள். கௌசல்யா அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். முப்பிடாதி பேசவில்லை. பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அப்படித்தான் இருக்கிறாளாம். யாராவது கூப்பிட்டால் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாளாம்.

"முப்பிடாதிக்கா, ஒங்க வார்டரம்மா மாத்தலாகிப் போறாவ. பேசுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

அவள் எழுந்து வந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"என் பேரு தங்கபுஷ்பம்" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

நின்றேன். அவளும் நின்றாள். இனி பேசமாட்டாள் என்று புரிந்தது. பேச வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. பழக்கத்தில், "அப்ப போயிட்டு வாரேன் முப்பிடாதி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"வராதீய" என்றாள் பின்னாலிருந்து. "திரும்பிப் பாக்காம போயிருங்க."

விடுதலையாகிப் போகிறவர்களுக்கு இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். நல்லா இரு, இந்த வாசலை இனி மிதிக்காதே என்று அர்த்தம். வெளியே, வீடுகளில், முகத்தில் விழிக்கப் பிடிக்காதவரிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் சொன்னபடியே, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.